வடிகால் பிரிவுக்கு ஒரு எண்

அரசுத் தொலைபேசிக் கையேட்டைக் கைபேசிச் செயலியாக மாற்றப் போகிறோம் என்று இயக்குநர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

காரணம், கையேட்டின் 214ஆம் பக்கம். நான் வடிகால் பிரிவுப் பொறியாளர். எட்டு வருஷத்துக்கு முன்பு என் பெயருக்கு நேரே அலுவலக எண்ணுக்குப் பதிலாக எங்கள் வீட்டு எண்ணை அச்சடித்துவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதியிருப்பார். நான் நேராக வீட்டுக்குப் போனேன்.

"ஏம்மா, ஆளுக்கொரு செல்போன் இருக்கு. இந்த லேண்ட்லைன் எதுக்கு? கனெக்‌ஷனை எடுத்துடச் சொல்லு."

"சரிங்க" என்றாள் என் மனைவி.

அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதன்பிறகு என் வாழ்க்கை சொர்க்கம். பக்கத்து அறைத் தெருவிளக்குப் பொறியாளர் தினமும் நாற்பது பேரிடம் திட்டு வாங்குவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் நிரப்புவேன். இதில் வேடிக்கை, அடைப்பைச் சீக்கிரம் சரிசெய்யும் பிரிவு என்று வருஷாவருஷம் எனக்குப் பாராட்டுக் கடிதம் வேறு. மேஸ்திரி கெட்டிக்காரர், தானே பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். கடிதங்களைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

செயலியில் சரியான எண்ணைப் போட்டால் சொர்க்கம் போச்சு. ஆகவே என் பிரிவின் விவரங்களை நானே ஏற்றினேன். கையேட்டில் உள்ளதை உள்ளபடி ஏற்றவும் என்றது சுற்றறிக்கை. நான் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டவன். செத்துப்போன எண்ணை ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் ஏற்றினேன்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டார். "ஒவ்வொரு நம்பரையும் இங்கேயே ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்துடுவோம்."

"எங்க லைன்ல கொஞ்ச நாளா கோளாறு சார்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

மணி அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வணக்கம், வடிகால் பிரிவு. எந்தத் தெரு, சொல்லுங்க."

பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் என்னைத் திட்டி எழுப்பும் குரல் அது.

"இயக்குநர் பேசறேம்மா. இன்னிக்கு நிலவரம் என்ன?"

"ஆறு புகார் சார். நாலு முடிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மேஸ்திரி போயிருக்கார். அச்சகத் தெருவுல மூடி உடைஞ்சிருக்கு, மதியத்துக்குள்ள புதுசு போட்டுடுவாங்க."

"பிரமாதம்! உங்க பொறியாளர் எப்படி?"

"அவரா? வேலைக்குக் குறுக்கே வரமாட்டார் சார்."

அறையே சிரித்தது. "யார் இந்தம்மா?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். உதவியாளர் என்று உளறினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பறந்தேன். கல்யாணமாகி முதல்முறையாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். பாத்திர அலமாரி ஓரத்தில் லேண்ட்லைன். அதன் பக்கத்தில் எட்டு நோட்டுகள்.

"கனெக்‌ஷனை எடுக்கச் சொன்னேனே!"

"சொல்லலாம்னுதான் போன்கிட்ட போனேன். அதுவே அடிச்சுது. வீட்டுக்குள்ள சாக்கடைத் தண்ணி வந்துடுச்சு, கைக்குழந்தை இருக்குன்னு ஒரு பொண்ணு அழுதா. வெச்சுட முடியுமா? மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஐயா உடனே போகச் சொன்னார்னேன். போனார். மறுநாள் இன்னொருத்தர்."

"எட்டு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நம்பர் தப்பா அச்சாயிருக்குன்னு நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

ஒரு நோட்டைப் புரட்டினேன்; பக்கம் பக்கமாகத் தெருப் பெயரும் புகாரும்.

"நீங்க வர்ற நேரத்துக்கு ஒயரைப் பிடுங்கிடுவேன். அந்தப் பாராட்டுக் கடிதத்தைத் துடைக்கிறப்பதான் சிரிப்பை அடக்க முடியாது" என்றாள். பிறகு நிதானமாக, "செயலி வந்தா ஊரே கூப்பிடும். என்னால ஆகாது. அதனால இந்த நம்பருக்கு வர்றதெல்லாம் நாளையிலேருந்து உங்க செல்லுக்கு வர்ற மாதிரி மாத்தச் சொல்லிட்டேன்."

"நான் எடுக்க மாட்டேன்!"

"எடுக்காதீங்க. எடுக்காத அழைப்பெல்லாம் செயலியிலேருந்து நேரா இயக்குநருக்குப் போயிடுமாம். அவரே மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னார்."

மறுநாள் பத்து மணிக்கு என் செல்போன் அடித்தது. தப்ப வழியில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ரோஷம் எழுந்தது. எட்டு வருஷம் அவள் செய்ததை நான் எட்டு நிமிஷத்தில் செய்துகாட்டுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வணக்கம், வடிகால் பிரிவு. பொறியாளரே பேசறேன்."

"அந்தம்மா இல்லீங்களா?"

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."



"இல்ல சார், தெருவெல்லாம் தண்ணி நிக்குது. பொறுப்பானவங்க யாராவது இருந்தா குடுங்களேன்."