மைனஸ் பிட்டு

சலரோகத்தை, அதுதான் சுகர் வருத்தத்தை, அடியோட ஒழிச்ச பெருமை இந்த உலகத்தில ஒரே ஒரு இடத்துக்குத்தான் உண்டு: வெள்ளவத்தையில ஒரு ஃபிளாட்டின்ர அஞ்சாம் மாடி. ஒழிச்சவர் நோபேட் அங்கிள், ஃபிளாட் 'ஆரோக்கியக் கமிட்டி'த் தலைவர். டொக்டருக்குப் படிக்கேல்ல. அதாலதான் அவருக்கு எல்லாம் விளங்கினது.

கண்டுபிடிப்பு சிம்பிள். லண்டனில இருந்து வந்த தவிட்டு பிஸ்கட் பெட்டியில மாச்சத்து பதினைஞ்சு, நார்ச்சத்து நாப்பது எண்டு கிடக்கு. நார் உடம்பில சேராது, கழிக்கோணும். கழிச்சா மைனஸ் இருபத்தைஞ்சு!

"அப்ப தின்னத் தின்ன சுகர் இறங்குமோ?" பக்கத்து வீட்டு ஹியூபேட் வாயைப் பிளந்தார்.

"இறங்காம? உம்மட பிட்டு அறுபது. மேல மூண்டு பெட்டி பிஸ்கட்டைத் தின்னும். பிட்டும் கரைஞ்சு பதினைஞ்சு லாபம். பிறகு ஊசி என்னத்துக்கு?"

ஹியூபேட் அண்டைக்கே இன்சுலினை நிப்பாட்டினார். கமிட்டி கைதட்டினது.

ஹியூபேட்டின்ர மகள் பேர்ணடெற் மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசிச்சாள். ஓ.எல். சோதினைக்குப் படிக்கிற பிள்ளை, 'பெரியாக்களின்ர விஷயம்' விளங்காத வயசு. அமெரிக்கப் பெட்டியெண்டா நாரையும் சேர்த்துத்தான் மாச்சத்தைப் போடுவாங்கள், கழிக்கலாம். லண்டன் பெட்டியில நாரை முதலே பிரிச்சு வேறயாப் போட்டுக் கிடக்கு. இல்லாத நாரையெல்லோ அங்கிள் கழிக்கிறார்!

அப்பா ஓயாமத் தண்ணி குடிக்கிறார், ஓயாம பாத்ரூமுக்கு ஓடுறார். அங்கிள் வந்திருந்த நேரம் அவள் அப்பாவின்ர விரலில குத்தி சுகர் பார்த்தாள்.

"அங்கிள், முன்னூத்தித் தொண்ணூறு காட்டுது!"

"மெஷினுக்கு நார் கழிக்கத் தெரியாது, மகள்."

"நோபேட் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," எண்டார் அப்பா. நாக்கு அண்ணத்தில ஒட்டினது.

ஞாயிறு பூசை முடிய ஹியூபேட் வீட்டில அங்கிளுக்குப் பாராட்டு விழா. மாலை, போட்டோ, ஹியூபேட்டின்ர நன்றியுரை. "என்னை வாழவைத்த..." எண்டவர் தலை சுத்தி மேசையைப் பிடிச்சார். 'உணர்ச்சிவசப்பட்டிட்டார்' எண்டு கமிட்டி குறிச்சுக்கொண்டது.

பேர்ணடெற் குசினிக்குள்ள ஓடினாள். பிட்டைக் குவிச்சு, வாழைப்பழம் பிசைஞ்சு, சீனி தூவி, பக்கத்தில பிஸ்கட்டையும் அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அங்கிள், முதல் பிளேட் உங்களுக்கு."

அங்கிள் கதிரையோட பின்னுக்குப் போனார். "ஐயையோ, எனக்கு வேண்டாம் மகள். எனக்கு சுகர்!"

ஹியூபேட் மேசையை விடாமலே கேட்டார். "நோபேட்... நீர் ஊசி போடுறனீரோ?"

"ஓம், காலமையும் பின்னேரமும். பின்ன, சுகரோட விளையாடேலுமே?"