மீன்தொட்டிக்குக் கண்கட்டு

"என்னம்மா, மீன் எல்லாம் செத்துப்போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டதும் டோக்கன் அக்காவுக்கு முகம் சிறுத்துப்போனது.

"உயிரோடதான் இருக்கு டாக்டர். பாசியில தெரியல."

கண் மருத்துவமனையின் வரவேற்பறையில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று ஜன்னலோரம் வைத்த தொட்டியை, யாரும் சொல்லாமலே அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நிஜச் செடிகள், அவற்றுக்கிடையே பதினொரு சிவப்பு மீன்கள். கண்ணாடியெங்கும் பச்சை படிந்துவிட்டதால், மீன்கள் இருப்பது இப்போது மீன்களுக்கு மட்டுமே தெரியும்.

"கண்ணு தெரியலன்னு வர்றவங்க முன்னாடி இப்படி ஒரு தொட்டியா? மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்த இடத்துல தண்ணி மெஷின் வந்துடும்."

பதினொன்றையும் எங்கே கொண்டுபோவது? அக்காவின் வீட்டில் பூனை இருந்தது.

அன்றே ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினாள். சுரண்டிய பாசி தண்ணீரில் மிதந்து, செடி செடியாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

வண்ணமீன் கடைக்காரரிடம் ஓடினாள்.

"செடிக்குத் தெம்பு இல்லம்மா. அது தெம்பா இருந்தா பாசி தானாப் போயிடும்," என்று அவர் ஒரு புட்டி உரம் எடுத்துக் கொடுத்தார். ஒரு மூடி ஊற்றச் சொன்னார். அவசரத்துக்கு மூன்று மூடி ஊற்றினாள். தெம்பு வந்தது, பாசிக்கு.

மறுபடி போனாள். "வெளிச்சம் பத்தலையோ என்னமோ," என்றார்.

சின்ன விளக்கை எடுத்துவிட்டுப் பெரிய விளக்காக வாங்கி மாட்டி, காலையில் கதவைத் திறந்தது முதல் பூட்டும்வரை எரியவிட்டாள். ஐந்தாம் நாள் தண்ணீரே பச்சைச் சாயமாகிவிட்டது. காத்திருந்த ஓர் அம்மாள், "இது என்ன மருந்தும்மா? கண்ணுல விடறதா?" என்று விசாரித்தார்.

மூக்குக்கண்ணாடி விற்கும் கவுண்டர்க்காரர் ஃபிரேம்களைத் துடைத்தபடியே, "விட்டுத் தள்ளுங்க அக்கா. மெஷின் வந்தா குடிக்கவாவது ஆகும்," என்றார். அக்கா அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. டோக்கன் சீட்டுகளை வைக்க டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். ஆபரேஷன் முடிந்த ஒருவரிடம் டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலு நாளைக்கு வெளிச்சமே ஆகாது. கட்டப் பிரிச்ச பிறகும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்."

அக்கா சீட்டை வைக்க மறந்து அப்படியே நின்றாள். வெளிச்சம் ஏற ஏறத்தானே பச்சையும் ஏறியது? ஜன்னல் வெயில், பெரிய விளக்கு, மூன்று மூடி உரம். இத்தனை நாளும் அவள் பாசிக்கல்லவா விருந்து வைத்திருக்கிறாள்.

பெரிய விளக்கைக் கழற்றி எறிந்தாள். பாதித் தண்ணீரை மாற்றினாள். கண் பரிசோதிக்கும் இருட்டறைக்கென்று உபரியாக இருந்த கறுப்புத் திரையை எடுத்து, பொட்டு வெளிச்சம் நுழையாதபடி தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். காற்றுக்குழாய் மட்டும் உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"மீனுக்கும் ஆபரேஷனா?" என்றார் கவுண்டர்க்காரர்.

"ஆமா. நாலு நாள் கட்டப் பிரிக்கக்கூடாது."

அந்த நாலு நாளும் அவள் தொட்டிப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தாள். யாரும் பார்க்காத நேரம் திரைமேல் காதை வைத்துக் கேட்டாள். குமிழிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் திரையை அவிழ்த்தாள். பச்சை போய்ச் சாம்பல் நிறக் கலங்கல் இருந்தது. தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்றினாள். ஜன்னலுக்குத் திரை போட்டாள். பழைய சின்ன விளக்கையே மாட்டி, ஆறு மணி நேரத்துக்குமேல் ஒரு நிமிடம்கூட எரியவிடவில்லை.

மாதக் கடைசி நாள் காலை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும்படி இருந்தது. இளம்பச்சைச் செடிகளுக்கிடையே பதினொரு மீன்களும் ஊர்வலம் போயின. டோக்கன் வாங்க வந்தவர்கள் டோக்கனை மறந்து தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது நம்ம தொட்டியா?" என்று டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "தண்ணி மெஷின மாடியில வச்சுக்கலாம்மா."

கவுண்டர்க்காரர் கையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணோரம் நனைந்தது.

அப்போது கவுண்டரில் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். பத்து நாள் முன்பு பரிசோதனைக்கு வந்துபோனவர். தொட்டியின் முன் நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். போட்டுப் பார்த்தார். திரும்பவும் கழற்றிப் பார்த்துவிட்டு, நேரே போய் அதை டாக்டரம்மாவின் கையில் வைத்தார்.

"அன்னிக்கு இந்தத் தொட்டி மொத்தமும் பச்சையா, மங்கலாத் தெரிஞ்சுது டாக்டர். இன்னிக்குக் கண்ணாடி இல்லாமலே ஒவ்வொரு மீனும் தெரியுது, நீங்க தொட்டுப் பார்த்ததுலயே குணமாயிடுச்சு. இத நீங்களே வச்சுக்கங்க, வெளியில பஸ்ஸுல ஜனங்க காத்திருக்காங்க, நான் போய் வண்டிய எடுக்கறேன்."