சோப்பு டப்பாவின் குறைப் புத்தகம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் மூத்த மருமகள் எழுதிக்கொள்வது. நாங்கள் நால்வரும் நலம். ஐந்தாவதாக, நீங்கள் பார்த்து வாங்கித் தந்த வண்டியும் நலம். பட்டறையில் நீங்களும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இதில் அப்பாவின் மானம் கொஞ்சம் கலந்திருக்கிறது, பட்டறை முழுக்கக் கேட்கக்கூடாது. நல்ல செய்திதான், மாமா. வண்டியை விற்கவில்லை! நீங்கள் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால் முக்கியமானதை முதல் பக்கத்திலும் எழுதிவைக்கிறேன்.

அப்பாவுக்கு இந்த வண்டி முதல் நாளே பிடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வண்டிப் புத்தகத்தில் நிறம் 'வெள்ளி' என்று இருக்கிறது. எனக்கு அது காய்ந்த சிமெண்ட் தரையின் நிறமாகத்தான் படுகிறது. முன்னால் வைத்திருந்த பல் டாக்டர் அதை ஒரு பல்லைப் போலவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு கீறல் இல்லை. ஹாரன் அடித்தால் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல இருக்கும். பின் சீட்டுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அதெல்லாம் பரவாயில்லை, மாமா. ஆனால் அப்பா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவர் ஒரு சிவப்பு வண்டி வைத்திருக்கிறார். அதன் கூரை பொத்தானை அழுத்தினால் திறக்கும். அவர் நம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சார், சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் மாட்டிட்டீங்களா?" என்றாராம். அன்று அப்பா மூன்று பேருடைய லென்ஸைத் தப்பாகத் தேய்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இத வித்துட்டு மறுவேலை பாக்கிறேன்" என்றார்.

அம்மாவுக்கு வண்டியின் அழகைப் பற்றிக் கவலையே இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தை அவள்தானே காலை ஆறரைக்குத் திறக்க வேண்டும்? வெறும் வயிற்றோடு இருபது பேர் வாசலில் நிற்பார்கள். பழைய வண்டி இருந்தபோது அவள் தாமதமாகப் போய் வாங்கிய பேச்சு கொஞ்சமா? "ஏங்க, சாவியத் திருப்பினா கிளம்புது. வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள். "கிளம்புது, நிக்குது. கிளம்புது, நிக்குது. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?" என்றார் அப்பா. கடைசியில் அம்மா ஒரு ஒப்பந்தம் போட்டாள். என் கோடு போட்ட நோட்டின் முதல் பக்கத்தில் அது இருக்கிறது: 'வண்டி ஒரே ஒரு காலை கிளம்ப மறுத்தாலும் அன்றே விற்கப்படும். அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து நீங்கள்தான். கிரீஸ் விரல் ரேகையோடு அப்படியே இருக்கிறது. என் கையெழுத்து நன்றாக இருப்பதால் தினமும் குறைகளைக் குறித்துவைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பொய் எழுதக்கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இங்கே என் நிலைமையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு டிவி, ஒரு தங்கை. அந்த ஒருத்தியே ஒரு வகுப்பறைச் சத்தத்துக்குச் சமம். அதனால் சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்ததும் நான் புத்தகத்தோடு பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். கால் நீட்டினால் சரியாக எதிர்க்கதவு. மேலே ஒரு குட்டி விளக்கு. எனக்கென்று ஒரு அறை இருக்கிறது என்றால் அது இதுதான். வண்டி போனால் அறையும் போய்விடும். இருந்தாலும் நான் ஒரு நாள்கூட நோட்டில் பொய் எழுதவில்லை, மாமா. எழுபத்து மூன்று நாள் 'குறை: இல்லை' என்றுதான் எழுதினேன், ஏனென்றால் இல்லை! அப்பா தினமும் நம்பிக்கையோடு சாவியைத் திருப்புவார். அது உடனே கிளம்பிவிடும். அவர் முகம் தொங்கிப்போகும். ஒரு நாள், "எழுதிக்கோ பாப்பா, சத்தமே வர மாட்டேங்குது" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "சத்தம் நீங்க போடுறது போதாதா?" என்றாள். அதை நான் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஐம்பதாவது நாள் வாக்கில் ஒரு சம்பவம் நடந்தது. நானும் அம்மாவும் கடைக்குள் போய்விட்டு வருவதற்குள் அப்பா, வண்டி நிறுத்தும் இடத்தில் வேறொரு சிமெண்ட் நிற வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த அம்மாள் யாரென்று பார்க்காமலே, "இந்தச் சனியன என்னைக்குத்தான் தலை முழுகப் போறேனோ" என்று ஆரம்பித்து, ஹாரன், கண்ணாடி, நிறம், சோப்பு டப்பா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருக்கிறார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு முடித்து, "எங்க வீட்டுக்காரரும் தினம் இதேதான் சார் சொல்றாரு. ஆனா அவரு இன்னும் கடைய விட்டு வரலையே, நீங்க யாரு?" என்றாராம். நாங்கள் வந்தபோது அப்பா இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பில் போடுகிறவர், தான் பெரிய வண்டி வாங்கப் போவதாகவும், சிவப்பு வண்டியை அப்பாவுக்கே தந்துவிடுவதாகவும், ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்றும் வந்து நின்றார். அம்மா "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நம் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சாட்சியாகப் பின் சீட்டில் ஏறினேன். அப்பா சலூனுக்குப் போய்வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தினார். கூரை திறந்தது. என் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்திலிருந்த நான் காற்றின் தயவால் நூற்றுப் பதினாறாம் பக்கத்துக்குப் போய்விட்டேன். அங்கே நான் நல்லவர் என்று நம்பியிருந்த தோட்டக்காரர் கைதாகியிருந்தார். பாலத்தின் நடுவில் போகும்போது தூறல் விழுந்தது. அப்பா பொத்தானை அழுத்தினார். கூரை மூடவில்லை. பில் போடுகிறவர் எட்டி அழுத்தினார். கூரை மூடவில்லை, ஆனால் துடைப்பான் ஓடியது. மறுபடி அழுத்தினார்கள். முன்னால் இருந்த எல்லாச் சின்ன விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன, பார்க்க மிக அழகாக இருந்தது, அதோடு வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஊரே. மழை கொட்டுது மாமா! அப்பா வண்டிக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பில் போடுறவரு, "ஒரு நிமிஷம் சார், இது இப்படித்தான், கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுக் கிளம்பிடும்"ங்கிறாரு. பஸ் டிரைவர் எட்டிப் பாத்து, "சார், குளிச்சு முடிச்சிட்டீங்களா? நகத்தலாமா?"ன்னு கேக்கிறாரு.

அப்பா போன் செய்த பதினோராவது நிமிடம் பாலத்தின் அந்தக் கோடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நம் வண்டிதான்! அம்மா இறங்கினாள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் துண்டு. அப்பாவின் தலையைத் துவட்டிவிட்டாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. சிவப்பு வண்டியைக் கட்டி, முதல் கியரில் மெதுவாகப் பாலத்தை விட்டு இறக்கினோம். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மழையென்றும் பாராமல் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். நேர் வழியில் இருக்கும், பில் போடுகிறவர் வழக்கமாக விடும் பட்டறைக்குக் கண்ணாடிக் கடை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னது அவர்தான். முதலாளி வாசலில் நின்று பார்த்தார். இறங்கியதும் பில் போடுகிறவர், "நல்ல வண்டி சார் உங்களுது" என்றார். அப்பா சட்டையைப் பிழிந்துகொண்டே, "டப்பான்னா சும்மாவா?" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே நிம்மதி. அப்பா தினமும் வண்டியைத் துடைக்கிறார். சாவியைத் திருப்பி அது கிளம்பியதும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்கிறார். ஒப்பந்தத்தை அடித்துவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? இருக்கட்டும். அது என் வண்டிக்குக் கிடைச்ச சான்றிதழ். சொன்னா சொன்னதுதான். ஆனா இது ஒரு நாளும் என்னைக் கைவிடாது" என்றார். நாளை ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கும் விடுமுறை. காலை பத்து மணிக்கு, சிவப்பு வண்டியை அந்தப் பட்டறையிலிருந்து எடுத்துவர, பில் போடுகிறவரை நம் வண்டியிலேயே கூட்டிப்போகிறார். தெருவில் ஏழு பேரிடம் சொல்லியாகிவிட்டது. நானும் இந்தக் கடிதத்தை என் அறையில், அதாவது பின் சீட்டில், காலை நீட்டிக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல் எழுதுகிறேன். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அத்தைக்கு என் அன்பு. உங்கள் முதுகு நிமிர்ந்து, கைக்கு வந்த வண்டியெல்லாம் ஓட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆசியை நாடும்,
பின் சீட்டுக்காரி

பி.கு.: மாமா, காலை ஒன்பது மணி. வண்டி கிளம்பவில்லை. நேற்றுச் சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில் மேலே இருக்கும் குட்டி விளக்கை அணைக்காமல் போய்விட்டேன். ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி செத்துக் கிடக்கிறது. கண்ணாடி துடைக்கப் போன அம்மாதான் முதலில் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குறைப் புத்தகத்தை எடுத்துவந்து, "இன்னைக்கு என்ன எழுதப் போற?" என்று கேட்டாள். பொய் எழுத மாட்டேன் என்றேன். "உன்ன யாரு பொய் எழுதச் சொன்னா? பேனாவ இங்க குடு. பத்து மணிக்கு மேல வாங்கிக்கோ" என்றாள். உங்களுக்கு ஆறு முறை போன் செய்தோம். ஏதாவது வண்டிக்கு அடியில் இருப்பீர்கள். இதைக் கொண்டுவருபவர் எதிர்வீட்டுத் தையல்காரர். சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரியும் அதை இணைக்கிற கேபிளும் எடுத்துக்கொண்டு அவர் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்கார்ந்து வந்துவிடுங்கள். உங்கள் சாட்சிக் கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். அப்பா குளியலறையில் பாடிக்கொண்டிருக்கிறார், இன்னும் இரண்டு சரணம் இருக்கிறது. நீங்கள் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவராக இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! முன்னால் இருக்கும் எட்டுப் பக்கங்களுக்கு அவசரமே இல்லை.