பென்சன் சாரின் பித்தப்பை குறித்த தீர்மானம்

மருத்துவ வரலாற்றில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் அலுவலகம் ஆற்றிய தொண்டு இன்னும் உரிய முறையில் பாராட்டப்படவில்லை. ஒரு மருத்துவர் இல்லை, ஒரு மாத்திரை இல்லை. ஒரு நீள மேசையையும் பதினோரு நாற்காலிகளையும் மட்டுமே வைத்துக்கொண்டு, சக ஊழியர் ஒருவரின் பித்தப்பையைக் காக்க ஐந்து வாரம் போராடியவர்கள் நாங்கள்.

பித்தப்பைக்கு உரியவர் எங்கள் கண்காணிப்பாளர் பென்சன் சார். பெயரை வைத்து, ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பே பென்சன் ஆகிவிட்டவர் என்று அவரை நாங்கள் கேலி செய்வோம். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டியார்பட்டியில் கல்யாண பிரியாணியை இரண்டு தடவை கௌரவித்துவிட்டு வீடு திரும்பியவருக்கு, வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து முதுகு வரை ஏறியது. மனைவி இவாஞ்சலின் டீச்சர் ராஜபாளையத்திலேயே ஸ்கேன் எடுக்க வைத்தார். நான்கு கற்கள்.

“பையோட எடுத்திருவோம் சார். சின்னதா நாலு ஓட்டை. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்” என்றார் டாக்டர் அனுசியா.

பென்சன் சார் சம்மதித்துவிட்டார். அவர் செய்த ஒரே பிழை, விடுப்பு விண்ணப்பத்தோடு ஸ்கேன் அறிக்கையையும் இணைத்ததுதான். அது மேலாளர் முத்துராமலிங்கத்தின் மேசைக்குப் போனது. அவர் மேலாளர் மட்டுமல்ல. எங்கள் ‘அலுவலக இயற்கை நலச் சபை’யின் தலைவரும்கூட.

“பென்சன், ஆண்டவன் வச்ச உறுப்ப எடுக்க டாக்டர் யாரு?” என்று அவர் கேட்டார். தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பென்சன் சார் தலையை ஆட்டிவிட்டார். அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. குறிப்பெடுத்தவன் கருத்தையாவாகிய நான்.

பித்தப்பை கல்லீரலின் சார்நிலை அலுவலகம் என்றும், உரிய விசாரணையின்றி அதை மூட எவருக்கும் அதிகாரமில்லை என்றும் மேலாளர் விளக்கினார். தன் சித்திக்கு இதே ஆபரேஷன் நடந்து இப்போது நன்றாக இருக்கிறாள் என்று தட்டச்சர் மாரிச்செல்வி சொன்னாள். அவள் தற்காலிகப் பணியாளர் என்பதால் அதைக் குறிப்பில் ஏற்ற வழியில்லை. பித்தப்பை நீடிக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. விடுப்பு விண்ணப்பம் ‘மறுபரிசீலனைக்காக’ திருப்பி அனுப்பப்பட்டது.

சிகிச்சை தொடங்கியது. ஐந்து நாள் ஆப்பிள் சாறு. ஆறாம் நாள் ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரே மூச்சில். மறுநாள் பென்சன் சார் ஒரு பால்கோவா டப்பாவோடு அலுவலகம் வந்தார். உள்ளே, கழுவித் துடைத்த பச்சை உருண்டைகள் இருபத்தேழு. ஸ்கேனில் நான்குதானே இருந்தன என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“ஸ்கேனுக்குத் தெரியாததையும் கொண்டாந்திருக்கு பாருங்க. அதான் இயற்கை” என்றார் மேலாளர். கைதட்டினோம்.

இவாஞ்சலின் டீச்சர் கைதட்டவில்லை. டப்பாவை டாக்டர் அனுசியாவிடம் கொண்டுபோனார். டாக்டர் ஓர் உருண்டையை வெந்நீரில் போட்டார். அது கரைந்து எண்ணெயாக மிதந்தது.

“இது கல்லு இல்ல டீச்சர். குடிச்ச எண்ணெய்தான் வயித்துக்குள்ள சோப்பு மாதிரி உருண்டு வந்திருக்கு. கல்லு அங்கனயேதான் இருக்கு.”

டீச்சர் வீட்டில் இதைச் சொல்லி அழுதாராம். தீர்மானம் போட்ட பிறகு மாற்றிப் பேசினால் நன்றாக இருக்காது என்று கணவர் சொல்லிவிட்டாராம்.

அதன்பின் மூன்றாவது வாரம் பென்சன் சாரின் கண்கள் மஞ்சளாயின. இது உடம்பு சுத்தமாகி வரும் ‘தேஜஸ்’ என்று மேலாளர் அறிவித்தார். தேஜஸ் நகத்துக்கும் பரவியது. உடம்பெல்லாம் அரித்தது. ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் குளிர் கண்டு நடுங்கி நாற்காலியோடு சாய்ந்தார். ஒரு கல் பையிலிருந்து இறங்கிப் பித்தக் குழாயை அடைத்திருக்கிறது.

மதுரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. டீச்சர் முன்னால் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் பென்சன் சார் பக்கத்தில் இருந்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது.

“கருத்தையா, எலினா கல்யாணத்துக்கு நான் இருப்பனாய்யா?”

எலினா அவருடைய ஒரே மகள். இருப்பீங்க சார் என்றேன். அது எந்தக் கூட்டத்திலும் தீர்மானிக்கப்படாத விஷயம்.

மதுரையில் வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்க நான்கு நாள் ஆனது. பிறகு பித்தப்பையையும் அகற்றினார்கள். பென்சன் சார் கண்விழித்துக் கஞ்சி கேட்டார்.

மறுநாள் மேலாளரின் தலைமையில் நலம் விசாரிக்கப் போனோம். வரவேற்பில் நான் வழி கேட்பதற்குள் அவர் சரியான லிப்டுக்கு முன்னால் போய் நின்றார். அறைக்குள் போனதும் பரிவோடு குனிந்தார்.

“இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அமுக்கிப் பிடிச்சுக்கிடுங்க பென்சன். தொப்புள்கிட்ட போட்ட தையல்தான் இழுக்கும். தோள்பட்ட வலிச்சா பயப்படாதீங்க. அது ஆபரேஷனுக்காக உள்ள ஏத்துன காத்து. மூணாம் நாள் தன்னால போயிரும்.”

டீச்சர் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

“சார், ஒங்களுக்கு எப்பம் ஆபரேஷன் ஆச்சு?”

மேலாளர், தான் கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்தார். பிறகு அதை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“போன சித்திரையில” என்றார். “வலி தாங்க முடியல டீச்சர்.”

பென்சன் சார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இது ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். மேலாளர் பத்து நாள் மௌன விரதத்தில் இருக்கிறார் என்று அலுவலகம் முழுவதும் நம்பியபோது, ‘பித்தப்பை அகற்றம்’ என்ற மருத்துவச் சான்றை அவருடைய விடுப்புக் கோப்பில் சேர்த்தவன் நான். பதவி உயர்வுக்கான என் பெயர் அப்போது அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கையெழுத்தும் கிடைத்தது. அலுவலக ரகசியம் காப்பதில் எனக்கு நிகரானவன் இந்த மாவட்டத்தில் இல்லை. ஒரு மனிதர் சாகக் கிடக்கும் வரை காத்தேன். அவர் பிழைத்ததில் மட்டும் எனக்குப் பங்கில்லை.