வாயை மூடிச் சிரிக்கச் சொல்பவர்

‘தானாச் சரியாப்போயிடும்’ அப்பா என்றொரு இனம் உண்டு. எந்த வீட்டிலும் தழைக்கும். பல்லை நேராக்குவது என் தொழில் என்பதால் எனக்கு நெருங்கிய பழக்கம்.

அடையாளம் எளிது. காரில் கீறல் விழுந்தால் டார்ச் அடித்துப் பார்ப்பார், குழாய் சொட்டினால் தூங்கமாட்டார், கைப்பேசியில் மயிரிழை விரிசல் கண்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவார். மகள் நாள் முழுக்கக் கட்டைவிரலைச் சப்பிச் சப்பி மேல்பல் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு பொறுமை வந்துவிடும். சின்னப் பிள்ளைதானே!

போட்டோ எடுக்கையில் மட்டும் கண் திறக்கும். “வாயை மூடிச் சிரி, கண்ணு.”

பல் நீட்டியிருப்பது தெரியாதவரா இப்படிச் சொல்வார்?

என் அப்பா இந்த இனத்தில் முதல் தரம். என் பல்லுக்கு அவர் சொன்ன மருந்து ‘தானாச் சரியாப்போயிடும்’. தன் நெஞ்சுவலிக்கும் அதையேதான் சொன்னார். போன மாதம் சுவரில் மாட்ட அவர் படம் ஒன்று தேடினோம். எல்லாவற்றிலும் வாய் மூடியிருந்தது; பக்கத்தில் நிற்கும் என் வாயும். ஊரார் வாயைப் பார்ப்பதே பிழைப்பான எனக்கு, அவர் வாய்விட்டுச் சிரித்தால் எப்படி இருப்பார் என்று தெரியாது.

நேற்று இன்னொருவர் வந்தார். மனைவி துரத்தி, ஏழு வயது மகளோடு.

“பால் பல்லுதானே டாக்டர்? விழுந்துடும்.”

“முன்னாடி ரெண்டும் விழுந்து முளைச்ச பல்லு சார். இனி விழாது. விரலை இப்பவே நிறுத்தினா சுலபமாச் சரிபண்ணலாம். விட்டா தாடையும் சேர்ந்து வளைஞ்சுடும்.”

“எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான். நான் நல்லா இல்லையா?”

“எங்கே, சிரிங்க.”

சிரித்தார். வாயை மூடி.

மகள் விரலை வெளியே எடுத்தாள். “அப்பா எப்பவும் இப்படித்தான் டாக்டர். நானும் பெரியவளானா இப்படித்தான் சிரிக்கணுமா?”

அவர் கார் சாவியைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

“லீவு விட்டதும் வரோம்னு சொல்லத்தான் வந்தேன்” என்றார். பிறகு, “இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?”

இனத்தில் ஒன்று குறைந்தது. அபூர்வம்.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். நல்லது. வீட்டு ஆல்பத்தை எடுத்து, பிள்ளைகளின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் மூடியிருந்தால், கண்ணாடி முன் போய் நின்று சிரியுங்கள்.

இல்லை, வாயைத் திறந்து.