சட்டி டைலரும் என் கியர்பாக்ஸும்

காரை மேலிருந்து பார்க்கத் தெரியாத மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் சட்டி டைலர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். என்ன கலர், எத்தனை கதவு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் மல்லாக்கப் படுத்து அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டாரென்றால் அந்தக் காரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடிப்படிக்குக் கீழே அவர் தையல் கடை வைத்திருந்தார். பெண்களுக்கான ஜாக்கெட் தைப்பதுதான் தொழில். ஒருநாள் பக்கத்துப் பட்டறை ஃபோர்மன் வந்து, கிளட்ச் இல்லாத ஆட்டோ காரின் கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு, எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை கார்க் ஷீட்டில் வெட்டித் தரச் சொன்னாராம். டைலரின் கத்தரிக்கோல் அவ்வளவு பிரசித்தம். சட்டியின் விளிம்பைச் சாக்கட்டியால் வரைந்தபோதுதான் மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது.

"எத்தனையோ இடுப்ப அளந்திருக்கேன் தம்பி. இவ்வளவு ஒழுங்கான இடுப்ப நான் பார்த்ததே இல்ல" என்பார்.

அதன்பிறகு எந்த ஆட்டோ காரைக் கண்டாலும் அடியில் புகுந்துவிடுவார். சட்டியின் வடிவத்தைக் காகிதத்தில் வெட்டிக் கடையில் மாட்டுவார். ஜாக்கெட் பேட்டர்னும் சட்டி பேட்டர்னும் ஒரே ஆணியில் தொங்கும். விளைவு, ஒரு ஆன்டிக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் ஓரத்தில் சட்டிக்குப் போடுவதுபோல் வரிசையாகப் பதினேழு போல்ட் ஓட்டைகள். ஆன்டி கத்தியதில் தெருவே திரண்டது. டைலர் அசரவில்லை.

"நல்லா காத்து வரும் லா, ஆன்டி!"

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த காரின் அடியிலிருந்து பட்டு வேட்டி கட்டிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆள் அடிபட்டுக் கிடக்கிறான் என்று யாரோ அலற, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டைலர் வெளியே வந்தார், தூசியைத் தட்டினார், நேராக ஆம்புலன்ஸின் அடியில் புகுந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆசாமியிடம்தான் என் பிழைப்பு போய் மாட்டிக்கொண்டது. மூன்று வயதில் போலியோ வந்ததில் எனக்கு இடது கால் சும்மா பேருக்குத்தான். கிளட்ச் மிதிக்க முடியாது. லைசென்ஸிலேயே ஆட்டோ கார் மட்டும்தான் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும். இருபது மைல் தள்ளி, கிள்ளானில் ஒரு கப்பல் ஆபீஸில் வேலை. அதற்காகவே தேடிப்பிடித்து ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் காலை, அதன் கியர்பாக்ஸ் ஒரு முனகல் முனகிவிட்டு உயிரை விட்டது.

பட்டறை ஃபோர்மன் அடியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கியர்பாக்ஸின் விலாவில் மாடல் நம்பர் பொறித்த தகடு இருக்க வேண்டும். அது இல்லை. நம்பர் தெரியாமல் மாற்று கியர்பாக்ஸ் வாங்க முடியாது.

"ஆட்டோ எல்லாம் எதுக்கு தம்பி? தூக்கிப் போட்டுட்டு மேனுவல் மாட்டிரலாம் லா."

"அண்ணே, எனக்கு இடது கால் வேலை செய்யாதுண்ணே."

"ஓட்ட ஓட்டப் பழகிரும் லா."

வீட்டிலோ, காரை விற்றுவிட்டு வேலையையும் விட்டுவிடு, பாவம் எதற்கு அலைகிறாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கார் போனால் நான் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலிதான்.

மறுநாள், விஷயம் கேள்விப்பட்டு டைலர் பட்டறைக்கு வந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டியைக் கழற்றச் சொல்லி விளிம்பைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்; நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். ஆணியிலிருந்த பேட்டர்ன்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் அச்சாகப் பொருந்தியது. அதன்மேல் அவர் கையெழுத்தில், 'கிள்ளான், பொண வண்டி'.

"அண்ணே, அது வேற கம்பெனி கார் ஆச்சே!"

"காரு செய்யறவன் ஒருத்தன், கியர்பாக்ஸ் செய்யறவன் ஒருத்தன்டா. கல்யாணத்துக்குப் போடுற ஜாக்கெட்டும் சாவு வீட்டுக்குப் போடுற ஜாக்கெட்டும் நான் ஒரே ஆளுதானே தைக்கிறேன்?"

அந்தச் சவ வண்டி ஓய்வு பெற்று, கிள்ளானில் ஒரு சீன முதலாளித் தௌக்கேயின் பழைய இரும்புக் கடையில் கிடப்பதாக அவருக்குத் தகவல். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். பஸ்ஸில் எண்ணெய் ஒழுகும் என்று சட்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, பேட்டர்னை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டார். படியில் நான் தடுமாறி ஏறுவதைப் பார்த்து, "நீ ஏறி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு ஜாக்கெட் தைச்சிருவேன்டா" என்றார். பஸ்ஸே சிரித்தது.

கடைக்குப் போனால் வண்டியை ஏற்கனவே உடைத்தாகிவிட்டது. சேறும் எண்ணெயுமாக மூன்று கியர்பாக்ஸ்கள் தரையில் கிடந்தன. எதிலும் தகடு இல்லை. எது எந்த வண்டியுடையது என்று தௌக்கேக்கே தெரியவில்லை. நாளைக் காலை லோரி வந்து எல்லாவற்றையும் உருக்க அள்ளிக்கொண்டு போய்விடும் என்றார். ஒன்றை எடுக்கலாம், அதுவும் இன்றைக்கே.

டைலர் கம்பீரமாகச் சுருளைப் பிரித்தார். முதல் கியர்பாக்ஸில் வைத்தார், பொருந்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஊஹூம். திருப்பி வைத்தார், குறுக்கே வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, இது ஜாக்கெட் கை மாதிரி இருக்கே?"

உற்றுப் பார்த்தார். "ஆமா. சாலாக் செலாத்தான்ல இருக்கிற டீச்சரம்மாவோட ஜாக்கெட் கை."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் திரும்புவதற்குள் கடை பூட்டிவிடும். டீச்சரம்மாவின் கையால் என் பிழைப்பு போச்சே என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி. மூஞ்சிய அப்படி வச்சுக்காத, கியர்பாக்ஸ் பயந்துக்கும்."

அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சட்டியின் விளிம்பிலும் விரல்களை ஓட்டினார். உதடு போல்ட்டுகளை எண்ணியது. மூன்றாவதில் ஒரு மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடியும் தடவினார்.

"பதினஞ்சு போல்ட்டு. இந்த மூலையில ஒரு சின்ன நெளிவு. உன்னோடது இதுதான்."

"பெத்துல் கா? சரிதானா?" என்று தௌக்கே சந்தேகமாகக் கேட்டார்.

"சரிதான் லா! என் கை அளவு தப்பினதே இல்ல!"

பதினேழு ஓட்டை ஜாக்கெட் ஞாபகம் வந்தது. பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினேன்.

ஒரு வேன் பிடித்துக் கொண்டுவந்து பட்டறையில் வைத்துப் பார்த்தபோது அளவு துல்லியமாக இருந்தது. இன்ஜினோடு சேரும் கழுத்துப் பாகத்தை மட்டும் என் பழைய கியர்பாக்ஸிலிருந்து எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. ஆனால் பொண வண்டியிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் ஃபோர்மன், எலுமிச்சம்பழம் நறுக்கித் திருஷ்டி கழிக்காமல் அதைத் தொட மாட்டேன் என்று தூர நின்றுகொண்டார்.

"யோவ், இத விட நல்ல கியர்பாக்ஸ் எங்க கெடைக்கும்?" டைலர் கத்தினார். "வாழ்க்கையில ஒரு நாளு கூட அவசரமா ஓடினதில்ல. பின்னாடி போனவன் ஒருத்தனும் கம்ப்ளெய்ன் பண்ணினதில்ல!"

பழம் நறுக்கப்பட்டது. கியர்பாக்ஸ் ஏறியது. டைலர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவர் காருக்குள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். லீவரை நகர்த்தினேன். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. கிள்ளானுக்குப் போகும் பெடரல் ஹைவேயில் பயந்து பயந்து இருபத்தைந்து மைல் வேகத்தில் போனேன்.

"என்னடா இது, பொணவண்டி கியர்பாக்ஸுன்னா பொணம் மாதிரியேவா ஓட்டணும்? மிதிடா! லைன விட்டு ஏன் ஆடுற? இவ்வளவு கேவலமா ஓட்டறவன நான் பார்த்ததே இல்ல!"

கிள்ளான் வரைக்கும் திட்டினார். திரும்பி வரும்போதும் விடவில்லை. எனக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கி, ரோடு சரியாகத் தெரியவில்லை. அதற்கும் திட்டினார்.

போலியோ வந்த நாளிலிருந்து நான் எதை எவ்வளவு மோசமாகச் செய்தாலும், பாவம், பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். மோசம் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான். அத்தனை மரியாதையை எனக்கு அதற்கு முன்னால் யாருமே கொடுத்ததில்லை.