பெட்டி காலியாக இருப்பது பற்றிய புகார்

பெட்டிக்குள் ஒரு பல்லி இருந்தது. புகார் எதுவும் இல்லை.

பொறுப்பாளர் பெட்டியின் சிறிய கதவை இன்னும் கொஞ்சம் விரியத் திறந்து, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். பல்லி வெளிச்சத்தைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. எப்போதும் பூட்டியே கிடக்கும் பெட்டிக்குள் தான் எப்படி வந்தது என்பதை அது சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"இந்த மாசமும் இல்லையா?" என்றார் பின்னால் நின்ற இயக்குநர் அம்மா.

"இல்லைங்கம்மா. எல்லாருக்கும் பரம திருப்தி."

"அதுதான் இப்ப பிரச்சனையே."

இயக்குநர் அம்மா கையிலிருந்த தாளை நீட்டினார். தாய் சேய் நலத்துக்காக அவர் நடத்தும் சிறிய தொண்டு நிறுவனத்துக்கும், அதன் பத்துப் படுக்கை மருத்துவமனைக்கும், கடல் கடந்த ஒரு கூட்டமைப்புதான் படியளக்கிறது. மக்கள் குரலைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்காகவே நடைபாதைச் சுவரில் ஆணியடித்து இந்தப் பெட்டியை மாட்டி, அதைத் திறக்க ஒரு பொறுப்பாளரையும் வைத்தார்கள். சாவி அவர் இடுப்பில். மாதம் ஒருமுறை திறப்பார், 'புகார்கள்: இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவார், சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார். மற்ற நாட்களில் அந்த முதல் தேதிக்காகத் தயாராவார்.

தாளில் இப்படி இருந்தது: 'இரண்டு ஆண்டுகளாக ஒரு புகார்கூட இல்லை என்பது எங்களுக்கு ஆழ்ந்த கவலை அளிக்கிறது. மக்கள் பேச அஞ்சுகிறார்கள் என்றே கருதுகிறோம். இரண்டு வாரத்தில் நிலைமை மாறாவிட்டால் புகார்ப் பொறுப்பாளர் பதவி நீக்கப்படும்.'

பொறுப்பாளர் இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறையும் பதவி நீக்கப்பட்டே இருந்தது.

"காலைத் தூக்குங்க சார்" என்றது கீழேயிருந்து ஒரு குரல். தரை துடைக்கும் அக்கா. அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஈரத்துணி கடந்து போனது.

"பெட்டியில ஒண்ணும் இல்லையா சார்?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நல்லதுதானே சார்" என்று அக்கா அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தார்.

மறுநாள் காலையிலேயே பொறுப்பாளர் நோயாளிகளுக்கான பெஞ்சுக்குப் போய்விட்டார். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தேனில் தோய்த்து ஆரம்பித்தார்.

"ஏம்மா, இங்கே உங்களுக்கு ஏதாவது குறை இருக்குமே?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்களே."

"நல்லா யோசிங்க. பயப்படாதீங்க."

"முன்னாடி ஊசி போடற ரூம்ல மறைப்பு இல்லாம இருந்துச்சு. சொன்னோம், மறுவாரமே ஸ்க்ரீன் வந்துடுச்சு."

"ஆக, இப்ப இல்லை?" என்றார் ஏமாற்றத்துடன்.

"இந்த பெஞ்சுகூட வெயில்லதான் கிடந்தது" என்றார் அடுத்திருந்த கர்ப்பிணிப் பெண். "இப்ப நிழலுக்கு வந்துடுச்சே."

"அதெல்லாம் சரியானதும்மா. எனக்குச் சரியாகாதது வேணும்."

அவருக்கு அன்று கிடைத்தது ஒரே ஒரு புகார். ஒரு பெரியவர் கொடுத்தார். அது அவருடைய மருமகனைப் பற்றியது. மருமகன்களைத் திருத்துவது கூட்டமைப்பின் திட்டத்தில் இல்லை.

மாலையில் தொங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"உலகத்திலேயே புகார் இல்லைன்னு வேலை போற ஒரே ஆள் நீங்கதாங்க" என்றாள் மனைவி.

"சிரிக்காதே. வேலை போனா நாளைக்கு வாடகைக்கு யார்கிட்ட போய் நிக்கறது? ஊர்ல ஒருத்தருக்குக்கூட குறை சொல்லத் தெரியலைன்னா நான் என்னதான் பண்ணுவேன்?"

"குறைதானே வேணும்? பேனாவை எடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையில் பிடித்துக்கொண்டார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். மூச்சு வாங்கவில்லை.

"ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஒன்பது மணிக்கு வர்றார். எழுதிட்டீங்களா? ஏதாவது கேட்டா தலையைத் தூக்காம 'ம்'ங்கறார். ஈரத் துண்டைக் கொண்டுபோய் கட்டில்ல போடறார். உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விடறார். நாலு மாசமா கழிவறைத் தாழ்ப்பாளைச் சரி பண்ணுங்கன்னு சொல்றேன், இதோ அதோங்கறார். எங்க அம்மா வந்தா மட்டும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறார்..."

"இரு, இரு. 'எங்க அம்மா'ன்னு போட்டா ஒருத்தர் எழுதினது மாதிரி ஆயிடும். 'வயதான பெண்கள் வந்தால்'னு மாத்திடறேன்."

"எப்படியோ மாத்துங்க. அப்புறம், எதை எடுத்தாலும் எடுத்த இடத்துல வைக்கறதே இல்லை."

பத்து நிமிடத்தில் பதினொன்று தேறியது. பொறுப்பாளர் அசந்துபோனார்.

"இவ்வளவு தத்ரூபமா எப்படி கற்பனை பண்றே?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு கணம் பார்த்தாள். "கற்பனையா? சரி, அப்படியே வெச்சுக்கோங்க."

"ம்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மறுநாள் மாலை நடைபாதையில் யாருமில்லை. தரையில் ஈரம் மட்டும் காயாமல் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பதினொன்றையும் பெட்டிக்குள் போட்டார். நெடுநாள் கடலில் அலைந்தவன் கரையைக் கண்டதுபோல் அன்று தூங்கினார்.

அடுத்த நாள் சிறப்புத் திறப்பு. சாட்சிகளாக இயக்குநர் அம்மா, டாக்டர், தலைமை நர்ஸ். பெட்டியைத் திறந்ததும் சீட்டுகள் பொலபொலவென்று விழுந்தன. இயக்குநர் அம்மா கைதட்டியே விட்டார். தரை துடைக்கும் அக்கா மட்டும் பொறுப்பாளரை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?"

"சௌக்கியம்தான். ஏன்க்கா?"

"சும்மாத்தான் கேட்டேன். காலைத் தூக்குங்க."

இயக்குநர் அம்மா முதல் சீட்டைச் சத்தமாகப் படித்தார். "ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஒன்பது மணிக்கு வர்றார்."

டாக்டர் முகம் சிவந்தது. "இது என்னைச் சொல்றது. ஒருநாள், ஒரே ஒருநாள் லேட்டா வந்தேன். அதுவும் டயர் பஞ்சர்!"

"கேட்டா தலையைத் தூக்காம 'ம்'ங்கறார்."

"இதுவும் நான்தான்! தலையைத் தூக்கிட்டா மருந்துச் சீட்டை யார் எழுதறது?"

"வயதான பெண்கள் வந்தா முகத்தைத் தூக்கி வெச்சுக்கறார்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் வேலையை விடறேன்."

ஈரத் துண்டு கட்டிலில் போடப்படுவதைக் கேட்டதும் தலைமை நர்ஸ் அழத் தொடங்கினார். "என் வார்டுல ஈரத் துண்டா? பதினாறு வருஷமா, நாலு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்திருக்கேன் சார்!" குறட்டைப் புகார் வாசலுக்கு எட்டி, காவலாளி அன்றிலிருந்து உட்காருவதையே நிறுத்தினார். எட்டு மணி நேரமும் நின்றார்.

"கழிவறைத் தாழ்ப்பாள் மட்டும் புரியலை" என்றார் இயக்குநர் அம்மா. "போன மாசம்தானே யாரோ புதுசு போட்டாங்க?"

பட்டியல் கடல் கடந்து போனது. இரண்டாம் நாளே கூட்டமைப்பிலிருந்து பதில். முதல் வரியில் பாராட்டு. இரண்டாம் வரியில் வகைப்பாடு. ஈரத் துண்டு: நோய்த்தொற்று அபாயம். தாழ்ப்பாள்: பெண்களின் பாதுகாப்பு. முகத்தைத் தூக்கி வைப்பது: முதியோருக்கு எதிரான பாகுபாடு, மிகத் தீவிரம். ஒவ்வொன்றையும் விசாரித்து, குற்றவாளியைக் கண்டுபிடித்து, பத்து நாளில் அறிக்கை தர வேண்டும்.

டாக்டர் வராததால் மருத்துவமனை பாதி மூடிக் கிடந்தது. பெஞ்சில் குழந்தைகள் வீறிட்டன. பொறுப்பாளருக்கு நெஞ்சில் முள் குத்தியது. ஆனால் உண்மையைச் சொன்னால் பதவி மட்டுமல்ல, மானமும் கப்பலேறிவிடும். ஆகவே மறுபடி இடது கையில் பேனாவைப் பிடித்தார். 'என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இங்கே எல்லோரும் தங்கம்.' இப்படிப் பதினொரு கடிதம். தபாலில் வந்ததாகச் சொல்லி இயக்குநர் அம்மாவிடம் கொடுக்க, அவையும் கடல் கடந்து போயின.

டாக்டர் திரும்பி வந்தார். கூடவே கூட்டமைப்பிலிருந்து தொலைபேசியும் வந்தது. பேசி முடித்த இயக்குநர் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பதினொரு பேரும் ஒரே நாள்ல, ஒரே மையில வாபஸ் வாங்கியிருக்காங்களாம். நாம மிரட்டியிருக்கோம்னு சந்தேகப்படறாங்க. தலைமையகத்திலிருந்து நேர்ல ஒருத்தங்க வர்றாங்க. புகார் கொடுத்தவங்கள்ல ஒருத்தரையாவது முன்னால நிறுத்தணுமாம்."

"நிறுத்தலைன்னா?"

"திட்டத்தையே நிறுத்துவாங்களாம்."

அன்று மாலை மனைவி முன்னால் கைகட்டி நின்றார்.

"வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. இப்ப எல்லாம் சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு போதும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஏற்கெனவே பதினொண்ணு சொல்லியாச்சே!"

"அதுல ஒண்ணுகூட பொய் இல்லைங்க" என்றாள் மனைவி. இதையும் அவர் காதில் வாங்கவில்லை. நாளைக்கு எந்தச் சட்டை போடுவது என்ற யோசனையில் இருந்தார்.

வந்தவர் நரைத்த கிராப்பும் தடித்த கண்ணாடியுமாக ஒரு விசாரணை அம்மா. ஊசி போடும் அறையில் கூட்டம் கூடியது. புகார் கொடுத்தவரின் முகம் தெரியக் கூடாது என்பது விதி. ஆகவே மனைவி பச்சை ஸ்க்ரீனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் டாக்டர், நர்ஸ், காவலாளி, இயக்குநர் அம்மா. மூலையில் பொறுப்பாளர். நடப்பதையெல்லாம் எழுதுவது அவர் வேலை.

"பயப்படாம சொல்லுங்க" என்றார் விசாரணை அம்மா. "உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"மிரட்டவா? நல்லா கேட்டீங்க. காது கொடுத்துக் கேட்டாத்தானே மிரட்டறதுக்கு!"

பொறுப்பாளர் எழுதினார்.

"இந்தக் குறையெல்லாம் எவ்வளவு நாளா?"

"ஒன்பது வருஷமா."

"மருத்துவமனை ஆரம்பிச்சே ஆறு வருஷம்தானே?" என்று முணுமுணுத்தார் டாக்டர்.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?"

பொறுப்பாளர் பேனா மூடியை வாயில் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவருடைய வேலை, வீட்டு வாடகை, மானம் எல்லாம் அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால் இருந்த ஒரு வாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

"சரியாயிடுச்சுன்னு சொல்லத்தாங்க வந்தேன்" என்றாள் மனைவி. "ஆனா காலையில கிளம்பும்போது பார்த்தேன். ஈரத் துண்டு கட்டில்லதான் கிடந்தது."

நர்ஸ் விம்மினார்.

"ஒன்பது வருஷத்துல இப்படி உட்கார வெச்சு, 'என்னம்மா உங்க குறை'ன்னு என்னை ஒருத்தர்கூட கேட்டதில்லைங்க. நீங்கதான் கேட்டிருக்கீங்க. உங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

விசாரணை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பதினொரு புகாரும் ஒரே ஆளைப் பத்தியா?"

"ஒரே ஆள்தான்."

"அவர் இந்த அறையில இருக்காரா?"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கார். இப்பகூட பாருங்க, மூலையில உட்கார்ந்து பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு, தலையைத் தூக்காம எழுதிக்கிட்டே இருப்பார்."

பொறுப்பாளர் 'எழுதிக்கிட்டே இருப்பார்' என்பதையும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். அடுத்த வரி ஏன் வரவில்லை என்று பார்க்கத் தலையைத் தூக்கினார். ஐந்து ஜோடிக் கண்கள். வாயிலிருந்து மூடி விழுந்து, உருண்டு, விசாரணை அம்மாவின் செருப்படியில் போய் நின்றது.

"நான் இல்லை!" என்று டாக்டர் துள்ளி எழுந்து காவலாளியைக் கட்டிக்கொண்டார். காவலாளி ஒன்பது நாட்களுக்குப் பிறகு முதல்முறையாக உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன்" என்றார் விசாரணை அம்மா மெதுவாக. "புகார்ப் பெட்டிச் சாவியை, அத்தனை புகாருக்கும் ஆளானவரே இடுப்புல சொருகிக்கிட்டு இருக்கறதை இப்பதான் பார்க்கறேன். மக்கள் ஏன் ரெண்டு வருஷமா வாயைத் திறக்கலைன்னு புரிஞ்சுபோச்சு."

"அம்மா, அது வந்து..." பொறுப்பாளர் எழுந்தார். சொல்ல உண்மை ஒன்று இருந்தது. ஆனால் அது இதைவிடக் கேவலமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"பதவியை எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார் இயக்குநர் அம்மா.

"எடுக்கறதா? இவ்வளவு புகார் வர்ற இடத்துல இந்தப் பதவி ரொம்ப அவசியம். பதவி இருக்கும். இவர்தான் அதுல இருக்கக் கூடாது. சாவியைக் கொடுங்க."

சாவி இடுப்பிலிருந்து இறங்கியது.

"இங்கே யார்மேல இதுவரைக்கும் ஒரு சந்தேகம்கூட வரலையோ, அவங்ககிட்ட இது இருக்கட்டும்" என்று விசாரணை அம்மா சுற்றிப் பார்த்தார். டாக்டர் தலையைக் குனிந்தார். நர்ஸ் மூக்கை உறிஞ்சினார். அப்போது வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. தரை துடைக்கும் அக்கா துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

விசாரணை அம்மா எழுந்து போய், அக்காவின் ஈரக் கையைப் பிடித்து, சாவியை உள்ளங்கையில் வைத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுப்பாளரைப் பார்த்தார். ஸ்க்ரீனுக்குக் கீழே தெரிந்த அவர் மனைவியின் பாதங்களையும் பார்த்தார். பிறகு சாவியைத் துடைத்துத் திருப்பி நீட்டினார்.

"சாவி எதுக்கும்மா? ரெண்டு வருஷமா தினமும் துடைக்கறதுக்கு இறக்கினாலே அடிப்பலகை கழண்டு அத்தனை சீட்டும் கையில விழுந்துடும், நானும் படிச்சுப் பார்த்து ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டுத்தான் இருக்கேன். இந்தப் பதினொண்ணை மட்டும்தான் திரும்ப உள்ளேயே போட்டுட்டேன், புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல நாம எப்படிம்மா தலையிடறது?"